வளைவெண் என்னும் பிழை: பௌலிங் பந்துகளைத் தரவரிசைப்படுத்துவோருக்கு ஒரு மறுப்பு

டென்பின் பௌலிங் ஆடுவோரிடையே இன்று ஏறக்குறைய யாரும் கேள்வி கேட்காத கருத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு பந்துக்கும் அதற்கே உரிய ஆற்றல் ஒன்று இருக்கிறது, அதை அளக்கலாம், எண்ணாக எழுதலாம், அவ்வெண்களை வரிசைப்படுத்தினால் எந்தப் பந்து எதைவிட மேல் என்பது தெரிந்துவிடும் என்பதே அக்கருத்து. தயாரிப்பாளர்கள் வெளியிடும் ஹூக் மதிப்பீடுகள் (பந்து எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும் வளைவெண்கள்), பந்து விற்கும் கடைகளில் காட்டப்படும் ஒப்பீட்டு அட்டவணைகள், இரண்டு பந்துகளை அடுத்தடுத்து உருட்டிக் காட்டும் காணொளிகள் ஆகிய அனைத்தும் இதன்மேல்தான் நிற்கின்றன. இவை தரும் விடைகளை அங்கங்கே திருத்துவதால் பயன் ஏதுமில்லை, ஏனெனில் கேட்கப்படும் கேள்வியே பிழையானது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. ஏறத்தாழ எட்டரை அங்குல விட்டமும் அதிகபட்சம் 16 பவுண்டு எடையும் கொண்ட பௌலிங் பந்து, உள்ளே கோர் எனப்படும் கனமான நடுக்கட்டியும் வெளியே கவர்ஸ்டாக் எனப்படும் மேல்தோலும் சேர்ந்தது. நிறை மையத்தை ஒட்டிக் குவிந்திருக்கிறதா, விளிம்பை நோக்கிப் பரவியிருக்கிறதா என்பதைச் சுழற்சி ஆரம் காட்டுகிறது, ஆர்.ஜி. என்று ஆட்டக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த அளவு 2.46 முதல் 2.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதி. பந்தின் வெவ்வேறு அச்சுகளுக்கிடையே இந்த ஆரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதே டிஃபரென்ஷியல், அதற்கு உச்சவரம்பு 0.060 அங்குலம். இவை மூன்றாம் தசமம் வரை துல்லியமாக அளக்கப்படுபவை. பந்து வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடும் கண்கூடு: பாலியெஸ்டர் பந்து பெரும்பாலும் நேராகப் போகிறது, யூரிதேன் பந்து மெல்ல வளைகிறது, ரியாக்டிவ் ரெசின் பந்து கடைசி இருபது அடிக்குள் திடீரெனத் திரும்புகிறது. வகைகளுக்கிடையே வரிசை உண்டென்றால் ஒரே வகைக்குள்ளும் வரிசை இருக்கத்தானே வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆட்டக்காரரின் கை வேறுபாடு ஒப்பீட்டைக் கெடுக்காதபடி, மெதுவாகச் சுழற்றுபவர், நடுத்தரமாகச் சுழற்றுபவர், இரு கையால் வேகமாகச் சுழற்றுபவர் என மூவரைக்கொண்டு ஒரே பந்தை உருட்டிக் காட்டும் கவனமான ஒப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் எதுவும் அற்பமான வாதமன்று. ஆனால் கோரை அளக்க முடிகிறது என்பதை வைத்துக்கொண்டு லேனில் பந்தின் ஓட்டத்தையே அளந்துவிட்டதாக முடிவுகட்டும்போது, இடையில் குறைந்தது ஐந்து கேள்விகளை அவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள்.

1. வளைவு எவ்வளவு என்றால், எதில் எவ்வளவு? ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை லேனின் நீளம் 60 அடி. அகலம் 39 பலகைகள், அதாவது மூன்றரை அடிக்குச் சற்றே குறைவு. முன்பகுதியில், பெரும்பாலும் நாற்பது அடியைச் சுற்றிய தூரம் வரை, எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதற்கப்பால் தரை உலர்ந்தது. மணிக்கு 17 மைல் வேகத்தில் விடப்பட்ட பந்து வழுக்காமல் உருள வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 660 சுற்று சுழல வேண்டும், ஆனால் பெரும்பாலோர் கையிலிருந்து அது 250 முதல் 400 சுற்றுடன்தான் வெளிவருகிறது. எனவே பந்து முதலில் வழுக்குகிறது, பிறகு உராய்வு அதைப் பிடித்துச் சுழற்சியின் திசைக்குத் திருப்புகிறது, கடைசியில் வழுக்கல் நின்று உருளல் மட்டும் எஞ்சுகிறது. ஓட்டம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை வினாடியில் முடிந்துவிடுகிறது.

இந்த மூன்று கட்டங்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதுதான் பந்தின் நடத்தை. முப்பதாவது அடியிலேயே பிடித்துக்கொண்டு நீண்ட வில்லாக வளையும் பந்தும், நாற்பத்திரண்டாவது அடி வரை நேராகச் சென்று பிறகு சட்டெனத் திரும்பும் பந்தும் ஒரே எண்ணிக்கையிலான பலகைகளைக் கடந்திருக்கலாம். அப்போது ‘மொத்த வளைவு’ என்னும் அட்டவணைக் கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எண் விழும். பின்களோ இரண்டையும் வேறுவேறாகவே உணர்கின்றன. முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடைப்பட்ட பாக்கெட்டில் பந்து ஆறு பாகைக்கு அண்மையான கோணத்தில் நுழையும்போதுதான் ஸ்ட்ரைக், அதாவது ஒரே வீச்சில் பின்கள் அனைத்தும் விழும் வாய்ப்பு மிகுதி என்பது இத்துறையில் நிறுவப்பட்ட செய்தி. லேனின் ஓரத்திலிருந்து நேர்கோட்டில் உருட்டினால் இரண்டு பாகைகூடக் கிடைக்காது. வளைவு தேவைப்படுவதே இந்தக் கோணத்துக்காகத்தான். சீக்கிரமே வளைந்துவிட்ட பந்து பின்களை அடையும் முன்பே உருளல் கட்டத்துக்குப் போய், திரும்பும் ஆற்றலைச் செலவழித்துவிட்டுத் தட்டையான கோணத்தில் நுழையும்; வலக்கை ஆட்டக்காரருக்கு மூலையிலுள்ள பத்தாம் பின் அசையாமல் நிற்கும். அதிக வளைவெண் பெற்ற பந்து குறைந்த நுழைகோணம் தருவது விபரீதமன்று, எண்ணெய் குறைந்த லேன்களில் அது நாள்தோறும் நடப்பது.

2. அட்டவணை எந்தப் பந்தைப் பற்றிப் பேசுகிறது? பெட்டியைத் திறந்த கணத்தில் இருக்கும் பந்தைப் பற்றி மட்டுமே. விளம்பரங்களில் கோரின் குறுக்குவெட்டுப் படம் பெரிதாக அச்சாகிறது, மேல்தோலின் சொரசொரப்பு ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2000களின் பிற்பகுதியில் வெளியிட்ட பந்தோட்ட ஆய்வோ வேறு கதை சொன்னது: பந்தின் ஓட்டத்தைத் தீர்மானிப்பதில் முன்னிலை வகித்தவை சொரசொரப்பு, எண்ணெயை உறிஞ்சும் வேகம், உராய்வு போன்ற மேல்தோல் காரணிகளே, கோரின் எண்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தன.

இந்த ஆய்வு வருவதற்கு முன்பே வரலாறு இதைச் சொல்லியிருந்தது. 1973இல் டான் மெக்கியூன் சாதாரணப் பிளாஸ்டிக் பந்துகளை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மேல்தோலை மென்மையாக்கி ஆடினார். அந்த ஓராண்டில் தொழில்முறைச் சுற்றில் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கோர் மாறவில்லை, எடை மாறவில்லை, பந்தின் வணிகப் பெயரும் மாறவில்லை. மாறியது மேல்தோலின் கடினம் ஒன்றுதான். அதையடுத்துக் கடினத்துக்குக் கீழ்வரம்பு விதிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2022இல், பர்ப்பிள் ஹாமர் என்னும் யூரிதேன் பந்தின் சில ஆண்டுத் தயாரிப்புகள் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டபோதும் பிரச்சினை அதே கடினம்தான். 2020 ஆகஸ்டிலிருந்து புதிதாக அங்கீகாரம் கோரும் பந்துகளுக்கு எண்ணெய் உறிஞ்சும் வேகத்திலும் வரம்பு வந்தது. விதி வகுப்பவர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே ஆற்றல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

மேல்தோலின் இந்த முதன்மை தரவரிசையை அடியோடு குலைப்பதற்குக் காரணம், அதை உரிமையாளரே மாற்ற முடியும் என்பதுதான். பந்து தேய்க்கும் சுழல்மேடையில் பந்தை வைத்து, தண்ணீர் தெளித்து, 500 எண் தேய்ப்பு வட்டை ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பிடித்தால், சில நிமிடங்களில் பளபளப்பு மங்கி, சாம்பல் பூத்ததுபோன்ற நுண்கீறல்கள் பந்தெங்கும் படர்கின்றன. அக்கீறல்கள் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் தரையைத் தொடுவதால் பந்து பல அடி முன்னதாகவே பிடிக்கத் தொடங்குகிறது. அதே பந்தை 4000 எண் வட்டால் தேய்த்து மெருகு ஏற்றினால் அது எண்ணெயின் மேல் நீண்ட தூரம் வழுக்கிப் போகும். இவற்றில் எதையும் செய்யாமல் விட்டாலும் பந்து அப்படியே இருப்பதில்லை. லேனே அதைத் தேய்த்து வழவழப்பாக்குகிறது, ரியாக்டிவ் ரெசினின் நுண்துளைகளில் எண்ணெய் ஏறி அடைத்துக்கொள்கிறது. வாங்கி ஒரு மாதமானதும் பந்து ‘செத்துவிட்டது’ என்று புலம்பி, அட்டவணையில் அதற்கு மேலே இருக்கும் பந்துக்கு இருநூறு டாலரை எடுத்துவைப்பவர்களுள் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது சில டாலர் விலையுள்ள தேய்ப்பு வட்டு ஒன்றே.

3. கோரின் எண்களாவது நிலையானவையா? துளையிடாத பந்துக்கு நிலையானவை, ஆனால் துளையிடாத பந்தை உருட்டுபவர் யாருமில்லை. கோரின் உச்சி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டப் பந்தின் மேல் சிறு வண்ணப்புள்ளி ஒன்று இருக்கும். பந்து கையைவிட்ட கணத்தில் எந்தப் புள்ளியை அச்சு முனையாகக் கொண்டு சுழல்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 3⅜ அங்குலமாக அமையும்படி துளையிட்டால், சுழலும்போது அச்சு மிகுதியாக இடம்பெயர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய தோல் தரையைத் தொடும். பந்தின் மேல் பதியும் எண்ணெய் வளையங்கள் விரிந்து தெரிவது இதனால்தான், இதையே ஃபிளேர் என்பர். அந்தத் தூரம் சுற்றளவில் கால்பங்கான 6¾ அங்குலத்தை நெருங்க நெருங்க, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிவிடும். டிஃபரென்ஷியல் 0.055 என்று அச்சிட்ட பந்து ஒருவர் கையில் அகன்ற ஃபிளேர் காட்டுவதும் இன்னொருவர் கையில் ஏறக்குறைய எதையும் காட்டாததும் துளையிட்டவரின் முடிவைப் பொறுத்தவை. காணொளியில் ஒருவர் தம் அச்சுக்கேற்பத் துளையிட்டு உருட்டிய பந்தும், அதைப் பார்த்துவிட்டு மற்றொருவர் வாங்கும் பந்தும் பெயரில் மட்டுமே ஒன்று.

4. ஒப்பிடும்போது லேன் ஒன்றாகவே இருந்ததா? தரவரிசைக் கட்சியின் மிகப் பலவீனமான இடம் இது. அவர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான். எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது பூசப்பட்ட கணத்திலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது. சொரசொரப்பான ரியாக்டிவ் பந்து ஓடும் ஒவ்வொரு முறையும் தன் தடத்திலுள்ள எண்ணெயின் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. உறிஞ்சாத பாலியெஸ்டர், யூரிதேன் பந்துகளோ எண்ணெயை முன்னோக்கித் தள்ளி, உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் சிறிதளவு பரப்பிவிடுகின்றன.

இனி வழக்கமான ஒப்பீடு நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். ஆட்டக்காரர் பந்து ‘அ’வைப் பத்துப் பதினைந்து முறை உருட்டுகிறார், பிறகு பந்து ‘ஆ’வை எடுக்கிறார். அ எண்ணெய் உறிஞ்சும் வகை என்றால், அது உலர்த்திவிட்ட தடத்தில் ஆ இயல்பைவிட முன்னதாகப் பிடிக்கும், ‘அதிகம் வளைகிறது’ என்று பதிவாகும். அ யூரிதேன் என்றால், பின்பகுதிக்குத் தள்ளப்பட்ட எண்ணெயில் ஆ வழுக்கும், ‘குறைவாக வளைகிறது’ என்று பதிவாகும். முடிவைத் தீர்மானித்தது எந்தப் பந்து முதலில் உருண்டது என்பதே. அறிமுகமான பழைய பந்தை முதலிலும் விற்க வேண்டிய புதிய பந்தைப் பின்னும் உருட்டுவது எவருக்கும் இயல்பாக வரும் வரிசை. அதில் ஏமாற்று நோக்கம் ஏதும் இராமலே புதிய பந்துக்குச் சில பலகைகள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. அ, ஆ, ஆ, அ என மாற்றி மாற்றி உருட்டினால் இந்தப் பிழை குறையும், ஆனால் அவ்வளவு பொறுமையான ஒப்பீடு அரிது.

பெரும்பாலான கூடங்களில் அன்றாட ஆட்டத்துக்கெனப் பூசப்படும் எண்ணெயின் அமைப்பும் உண்மையை மறைக்கிறது. நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் எண்ணெய் இருக்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம் பத்துக்கு ஒன்றுகூட ஆகலாம். குறி தவறி வெளியே சென்ற பந்தை உலர்ந்த ஓரம் திருப்பி அனுப்புகிறது, உள்ளே தவறியதை நடுவெண்ணெய் வளையவிடாமல் தாங்குகிறது. இத்தகைய லேனில் எந்தப் பந்தும் நல்ல பந்தாகத் தோன்றும். விகிதம் மூன்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழே இருக்கும் போட்டி அமைப்புகளில் அந்தத் தாங்கல் இல்லை. அங்கே அதே பந்துகளைப் பற்றி அதே ஆட்டக்காரர் வேறு தீர்ப்புச் சொல்வார்.

ஆட்டத்தின் வரலாற்றுப் புள்ளிவிவரம் பந்தின் ஆற்றலை நிரூபிக்கவில்லையா என்ற எதிர்வாதம் இங்கே எழும். 1968–69 பருவத்தில் அமெரிக்காவில் பதிவான 300 புள்ளி முழுமை ஆட்டங்கள் ஆயிரத்தை எட்டவில்லை, 1998–99இல் அவை 30,000ஐத் தாண்டிவிட்டன. இடையில் யூரிதேனும் ரியாக்டிவ் ரெசினும் வந்தன என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதே முப்பது ஆண்டுகளில் மரத்தரையின் இடத்தைச் செயற்கைத் தரை பிடித்தது, எண்ணெயைப் பலகை வாரியாகப் பூசும் இயந்திரங்கள் வந்தன, ஆட்டக்காரருக்குச் சாதகமான அமைப்புகள் பரவின. பந்தின் பங்கையும் லேனின் பங்கையும் பிரிக்க வழியில்லாத ஒரு புள்ளிவிவரம் இரு தரப்புக்கும் சாட்சியாக நிற்க முடியாது. பந்து வகை மாறியதால் ஆட்டம் மாறியது என்பதை ஏற்பதாலும், ஒரே வகைக்குள் 85 மதிப்பெண் பந்து 80 மதிப்பெண் பந்தைவிட மேல் என்பது நிறுவப்பட்டுவிடாது.

5. மனிதக் கையே வேண்டாம், இயந்திரம் தீர்ப்புச் சொல்லட்டும் என்றால்? இந்த யோசனை செயலுக்கும் வந்தது. அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் ஏர்ல் என்னும் வீச்சு இயந்திரம் மணிக்கு 10 முதல் 24 மைல் வரையிலான வேகத்திலும் நிமிடத்துக்கு 50 முதல் 900 சுற்று வரையிலான சுழற்சியிலும் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்ப வீச வல்லது. ஆய்வுக்கு அது அரிய கருவி, ஐயமில்லை. ஆனால் இயந்திரம் தரும் விடை, அதற்கு இடப்பட்ட வேகத்துக்கும் சுழற்சிக்கும் உரிய விடை. சுழற்சியை 250இலிருந்து 450க்கு உயர்த்தினால் எல்லாப் பந்துகளும் ஒரே அளவில் கூடுதலாக வளைவதில்லை. சீக்கிரம் பிடிக்கும் பந்து இன்னும் சீக்கிரம் பிடித்து ஆற்றலை இழக்கிறது, தாமதமாகப் பிடிக்கும் பந்து பாக்கெட்டில் கூர்மையாக நுழைகிறது, வரிசை தலைகீழாகிறது. ஆகவே இயந்திரம் தரவல்லது தரவரிசைகளின் ஒரு பெருந்தொகுதியைத்தான், ஒற்றைத் தரவரிசையை அன்று. மூன்று ஆட்டக்காரர்களைக்கொண்டு ஒப்பிடுவோருக்கும் இதே விடைதான்: மூவரும் மூன்று முடிவுகளைத் தருகிறார்கள், அம்மூன்றின் சராசரியோ எங்குமே இல்லாத நான்காம் ஆட்டக்காரர் ஒருவருக்கு உரியது. துல்லியமான மறுபடியாக்கம் ஒன்றே போதும் என்போர், 2011இல் ஏர்லுக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் கிறிஸ் பார்ன்ஸுக்கும் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பார்க்கலாம்: பார்ன்ஸ் 259, இயந்திரம் 209.

அப்படியானால் பந்துகளை ஒப்பிடவே கூடாதா என்று கேட்பது வாதத்தைத் திசைதிருப்புவதாகும். ஒரே கை, ஒரே லேன், மாற்றி மாற்றி வீச்சு, தேய்த்துச் சமப்படுத்திய மேல்தோல் என்ற நிபந்தனைகளுக்குள், ஒருவர் தம் பையிலுள்ள இரண்டு பந்துகளை ஒப்பிடுவது பயனுள்ள வேலை. அப்போது கவனிக்க வேண்டியவை பந்து எந்த அடியில் வழுக்கலை விடுகிறது என்பதும், குறி இரண்டு பலகை தவறும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதும், பாக்கெட்டைத் தொட்டபின் பின்களுக்கிடையே எந்த வழியில் போகிறது என்பதும். இவ்விடைகள் அந்த ஆட்டக்காரருக்கே உரியவை. அவற்றைப் பொதுவாக்கி விற்கத் தொடங்கும் இடத்தில்தான் பிழையும் தொடங்குகிறது.

பிழையின் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. வளைவெண்ணின் மேல்படியிலிருந்தே பந்துகளை வாங்குபவரின் பையில், ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் நான்கு வலுவான பந்துகள் சேர்ந்துவிடுகின்றன. மூன்றாம் ஆட்டத்தில் லேன் உலர்ந்ததும் நான்கும் ஒன்றாகவே பயனற்றுப் போகின்றன. மூலையில் தனியாக நிற்கும் பின்னை வீழ்த்தும் வேலையை அட்டவணை அறவே பொருட்படுத்துவதில்லை. ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமல், பத்துக் கட்டங்களிலும் முதல் வீச்சில் ஒன்பது பின்னை வீழ்த்தி, எஞ்சிய ஒன்றை அடுத்த வீச்சில் தவறாமல் எடுத்து, கடைசி உபரி வீச்சிலும் ஒன்பது பெறும் ஆட்டக்காரர் 190 புள்ளியுடன் எழுகிறார். வலுவான பந்துகளை அடுக்கிவைத்திருக்கும் வார இறுதி ஆட்டக்காரர் பலருக்கு அது எட்டாத எண். எஞ்சும் அந்த ஒற்றைப் பின்னைக் குறிவைக்கத் தேவை எண்ணெயையும் உலர்தரையையும் பொருட்படுத்தாமல் நேராகப் போகும் பந்து. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதற்கென்றே பையில் வைத்திருக்கும் பாலியெஸ்டர் பந்து, வளைவெண் அட்டவணையில் கடைசி வரிசையில் இருக்கிறது.